ஓய்வும் உழைப்பின் ஒரு பகுதியே

விடியற்காலை நான்கு மணி. தோட்டத்து லயங்களில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்குகிறது. அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியும் உளியுமாகத் தொழிலாளர்கள் தத்தம் நிரைகளுக்குச் செல்கின்றனர். சூரியன் எழுமுன் நூற்றுக்கணக்கான மரங்களில் பால் வடியத் தொடங்கிவிடுகிறது. பேராக் மாநிலத்தில் நூறாண்டுக்கும் மேலாக நம் முன்னோரும் நாமும் கண்டு வந்த காட்சி இது.

உழைப்புக்கு அஞ்சாதவர்கள் என்ற நற்பெயரைத் தோட்டத் தொழிலாளர் சமுதாயம் பெற்றிருக்கிறது. அந்தப் பெயர் எளிதில் கிடைத்ததன்று. ஆயினும், உழைப்பு என்னும் நற்பண்பே அளவு கடந்து போகும்போது அது உடலைத் தின்னும் தீய பழக்கமாக மாறிவிடுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நாம் அறிந்த பழமொழி. உணவுக்கும் மருந்துக்கும் அதைப் பொருத்திப் பார்க்கும் நாம், வேலைக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை.

ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். அவருக்குப் பெயர் வேண்டா. அவரைப் போன்றோரை நாம் அனைவரும் அறிவோம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் காலையில் பால் வெட்டுகிறார். பிற்பகலில் அண்டை வீடுகளில் புல் வெட்டுகிறார். மாலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்குப் புறப்பட்டு, ஒரு கிடங்கில் இரவு 11 மணி வரை காவல் காக்கிறார். வீடு திரும்பிப் படுக்கும்போது நள்ளிரவு. மீண்டும் நான்கு மணிக்கு எழ வேண்டும். மகளின் படிப்புக்காகவும் பழைய கடனுக்காகவும் இரவு வேலையைத் தொடங்கினார். மகள் படித்து முடித்துவிட்டாள். கடனும் தீர்ந்துவிட்டது. ஆனால் பழக்கம் தீரவில்லை. “சும்மா இருந்தால் கை கால் ஓடவில்லை” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அமர்ந்தால் ஏதோ குற்றம் செய்தது போல் அவருக்குத் தோன்றுகிறது.

இவரது நிலைக்குக் காரணம் என்ன? இதிலிருந்து இவர் விடுபடும் வழி யாது? இதை விளக்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் நாம் தொடும் இரப்பர் மரமே முதற்பாடத்தைக் கற்பிக்கிறது.

மரம் கற்பிக்கும் பாடம்

1877ஆம் ஆண்டில் பேராக்கின் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அக்கால மரங்களுள் ஒன்று அவ்வூர் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஒரு மரம் இத்துணை நீண்ட காலம் நிற்கக்கூடியது. ஆனால் அதை முறைகேடாக வெட்டினால் சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போகும்.

தொடக்கக் காலத்தில் பிரேசில் நாட்டுக் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். மரங்கள் புண்பட்டன, பல பட்டுப்போயின. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். உள்ளே இருக்கும் உயிர்ப்படலம் காயப்படாமல் வெட்டினால், சீவிய பட்டை மீண்டும் வளரும். ஆழமாக வெட்டினால் அன்றைக்குச் சற்றுக் கூடுதலாகப் பால் கிடைக்கலாம். பின்னர் அவ்விடத்தில் முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளர்ந்து, வெட்டவே இயலாமற் போகும்.

ஒருநாள் வெட்டிய மரத்தை மறுநாள் வெட்டாமல் விடுவது நம் தோட்டங்களில் நெடுங்காலமாக வழங்கி வரும் முறை. அது ஏன்? பட்டையினுள் இருக்கும் நுண்குழாய்களில் பால் நிறைந்திருக்கிறது. வெட்டியதும் அது வடிகிறது. சில மணி நேரத்தில் குழாய்களின் வாய் தானே அடைபட்டு வடிவது நிற்கிறது. வெளியேறிய பாலை மரம் மீண்டும் உண்டாக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள்கள் தேவைப்படுகின்றன. வெளியே பார்த்தால் மரம் சும்மா நிற்கிறது. உள்ளே அது அடுத்த வெட்டுக்குரிய பாலை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே மரத்தின் ஓய்வு நாள் வீணான நாளன்று.

அந்த ஓய்வைத் தராமல் அடிக்கடி வெட்டினால் என்ன நேரும் என்பதைப் பால்வெட்டும் ஒவ்வொருவரும் கண்டிருப்பர். முதலில் பால் நீர்த்துப் போகும். பிறகு வெட்டுக் கோட்டின் ஒரு பகுதி காயும். இறுதியில் உளி பட்டாலும் ஒரு சொட்டுக்கூட வராது. இதையே பட்டை காய்தல் என்கிறோம். பால் பெருக்கும் மருந்தை அளவுக்கு மீறித் தடவினாலும் இதே கதிதான். மருந்து மரத்துக்குப் புதிய வலுவைக் கொடுப்பதில்லை. உள்ளிருப்பதைக் கூடுதலாக வடியச் செய்கிறது. காய்ந்துபோன மரத்தை நெடுநாள் வெட்டாமல் விட்டாலும், அது பழைய நிலைக்குத் திரும்பும் என்று உறுதி கூற முடியாது.

மரத்தின் இயல்பை இவ்வளவு நுட்பமாக அறிந்த நாம், நம் உடலின் இயல்பை மட்டும் மறந்துவிடுகிறோம். அசதி தோன்றும்போது கெட்டியான கோப்பியையும் ஊக்கப் பானங்களையும் அருந்தி வேலையைத் தொடர்கிறோம். அவையும் மரத்துக்குத் தடவும் மருந்தைப் போன்றவையே. அவை களைப்பை மறைக்கின்றன; களைப்பைப் போக்குவதில்லை. களைப்பைப் போக்குவது உறக்கமும் ஓய்வுமே.

மழையும் இலையுதிர்வும் தந்த ஓய்வு

மிகையாக உழைப்போரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது முறையன்று. இப்பழக்கம் நம்மிடையே வேரூன்றியதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

பால்வெட்டுத் தொழிலில் வருமானம் வானத்தைப் பொறுத்தது. அதிகாலையில் மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பின் பெய்தால் மங்கில் இருக்கும் பால் நீரோடு போய்விடும். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் இலையுதிர்க்கும்போது பால் குறையும். ஆகவே, மழை நாளில் இழந்ததை வெயில் நாளில் ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம் தொழிலாளியின் நெஞ்சில் பதிந்துவிட்டது. கூடுதல் காசுக்காக ஓய்வு நாளிலும் கைக்காசு வேலைக்குச் சென்றனர். பிற்பகலில் மாடு வளர்த்தனர், காய்கறி பயிரிட்டனர். அவ்வாறு உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் தியாகம் போற்றுதற்குரியது.

ஆயினும் ஓர் உண்மையை இங்கே கவனிக்க வேண்டும். பழைய தோட்ட வாழ்க்கையில், நாம் விரும்பாவிட்டாலும் ஓய்வு நம்மைத் தேடி வந்தது. மழை பெய்தால் நிரைக்குப் போக இயலாது. இலையுதிர் காலத்தில் வேலை குறையும். இருட்டிய பிறகு காட்டில் வேலை இல்லை. வருமானத்தைக் குறைத்த அதே மழையும் இலையுதிர்வும், உடலுக்கு வேண்டிய ஓய்வையும் அளித்தன.

அந்தக் காலம் மாறிவிட்டது. பேராக்கில் இரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிற்று. பல குடும்பங்கள் ஈப்போவுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் குடிபெயர்ந்தன. தோட்டத்திலேயே இருப்பவர்களும் மோட்டார் சைக்கிளில் நகரத்துக்குச் சென்று இரண்டாம் வேலை பார்க்க முடிகிறது. நகரத்துத் தொழிற்சாலை மழைக்கு நிற்பதில்லை, இயந்திரம் இலையுதிர்ப்பதில்லை. கிடங்குக்கும் கடைக்கும் இரவிலும் காவல் வேண்டும். மழை நாளை ஈடுகட்டப் பழகிய கைகள், மழையே இல்லாத வேலையில் இறங்கும்போது, அவற்றை நிறுத்துவார் எவருமிலர்.

முன்பு இயற்கை நமக்குத் தந்த ஓய்வை இனி நாமே திட்டமிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடலில் நிகழ்வது என்ன?

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவு 2021ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்டது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வரை வேலை செய்வோரோடு, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோரை அது ஒப்பிட்டது. நீண்ட நேரம் உழைப்போருக்குப் பக்கவாதம் ஏற்படும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7,45,000 பேர், நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் மாண்டதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. அளவு கடந்த உழைப்பால் நேரும் மரணத்துக்கு ஜப்பானியர் ‘கரோஷி’ என்று தனிப்பெயரே இட்டிருக்கின்றனர்.

இது எவ்வாறு நிகழ்கிறது? நாம் உழைக்கும்போது இதயம் விரைவாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. ஓய்விலும் உறக்கத்திலும் அவை தணிய வேண்டும். தணிவதற்கு நேரமே கொடாவிட்டால், உயர்ந்த அழுத்தம் இரத்தக் குழாய்களை நாளடைவில் கெடுக்கிறது. உறக்கம் குறையும்போது பசியுணர்வும் மிகுகிறது. இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் நாவு நாடுகிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் குன்றுகிறது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. இத்தகைய நோயுள்ளவர், வேளைக்கு உண்ணாமலும் மருந்து உட்கொள்ள நேரமில்லாமலும் உழைப்பது நெருப்போடு விளையாடுவதற்கு ஒப்பாகும்.

நோய் மெல்ல வரும். விபத்தோ நொடியில் வந்துவிடும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் மது அருந்தியவருடையவை போல் தளர்ந்துவிடுகின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். மேலே நாம் எண்ணிப் பார்த்த தொழிலாளி காலை நான்கு மணிக்கு எழுந்தவர். இரவு ஒன்பது மணிக்கே அவர் 17 மணி நேரத்தைக் கடந்துவிடுகிறார். அதன் பின்னரும் இரண்டு மணி நேரம் காவல் காத்துவிட்டு, இருளில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். ஒரு சொட்டு மதுவும் அருந்தாத அந்த நல்ல மனிதர், மது அருந்தியவரைப் போன்ற நிலையில் சாலையில் செல்கிறார். கண் இமைகள் இரண்டு மூன்று நொடிகள் தாமே மூடிக்கொண்டால் போதும்; வண்டி அதற்குள் பல மீட்டர் ஓடிவிடும்.

அதிகாலை இருட்டில் கூர்மையான உளியைப் பிடிக்கும் கைக்கும் இதே தளர்ச்சி உண்டு. கை நடுங்கினால் மரத்துக்கும் காயம், மனிதனுக்கும் காயம்.

எட்டு மணி நேரம் வந்த வரலாறு

நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்பது தானாகக் கிடைத்த வசதியன்று. நாளை மூன்று சம கூறுகளாகப் பிரித்து, ஒரு கூற்றை வேலைக்கும், ஒரு கூற்றை உறக்கத்துக்கும், ஒரு கூற்றைச் சொந்த வாழ்வுக்கும் ஒதுக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் கோரினர். 1886ஆம் ஆண்டு மே முதல் நாள், அமெரிக்கத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலையை வேண்டி வேலை நிறுத்தம் செய்தனர். சிக்காகோ நகரில் அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக உயிர்கள் பலியாயின. 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே, தொழிற்சாலைகளில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்ததுதான். 1923ஆம் ஆண்டில் சென்னையில் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடினார். இந்தியாவில் கொண்டாடப்பட்ட முதல் மே தினம் அதுவே.

இந்நாட்டிலும் தொழிலாளர் தினம் 1972இல் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளருக்காக 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் போன்ற அமைப்புகள், சம்பளத்துக்காகவும் ஓய்வுக்காகவும் பேச்சுவார்த்தை நடத்தி வந்துள்ளன. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற ஓய்வு நேரத்தை நாம் யோசியாமல் விற்றுவிடுவது, முன்னோர் தேடிய சொத்தைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவது போன்றதாகும்.

சட்டம் கூறுவது

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் நம் வேலை நேரத்தை வரையறுக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த விதிகளின்படி, வாராந்திர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளர் அறிந்திருக்க வேண்டிய முக்கிய விதிகள் வருமாறு:

நாளொன்றுக்கு வழக்கமான வேலை எட்டு மணி நேரத்துக்கு மேற்படலாகாது.

தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதாயின், இடையே அரை மணி நேரமேனும் ஓய்வு தரப்பட வேண்டும்.

வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு நாளாகும். சட்டம் கூறும் சில சிறப்புச் சூழ்நிலைகளைத் தவிர, அந்நாளில் வேலைக்கு வரும்படி எவரையும் வற்புறுத்த இயலாது.

வழக்கமான நாளில் செய்யும் மிகைநேர வேலைக்கு ஒரு மணி நேரச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தரப்பட வேண்டும். சம்பளம் மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு இவ்விதி பொருந்தும்.

மிகைநேர வேலை ஒரு மாதத்தில் 104 மணி நேரத்தைத் தாண்டலாகாது.

சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை, இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 12 நாள். அதற்கு மேல் 16 நாள். மருத்துவ விடுப்பு இதற்குப் புறம்பானது.

இவற்றுள் 104 மணி நேரம் என்னும் வரம்பைச் சற்று ஆராய்வோம். மாதம் 104 மணி என்றால், வாரத்துக்கு ஏறத்தாழ 24 மணி. அதை 45 மணியோடு கூட்டினால் வாரத்துக்கு 69 மணி ஆகிறது. சட்டம் அதுவரை அனுமதிக்கிறது. ஆனால் பக்கவாதமும் இதய நோயும் மிகுவதாக ஆய்வு கண்ட எல்லை 55 மணி. சட்டத்தின் வரம்புக்கும் உடலின் வரம்புக்கும் இடையே 14 மணி நேர வேறுபாடு இருக்கிறது. எனவே சட்டம் வகுத்த 104 மணி என்பது, மீறக்கூடாத எல்லையே தவிர, மாதந்தோறும் எட்ட வேண்டிய இலக்கு அன்று. வாரத்துக்கு மிகைநேர வேலை பத்து மணிக்குக் கீழே நிற்குமாறு பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

மேலும், ஒரு முதலாளியிடம் செய்யும் வேலையை அவரது பதிவேடு காட்டும். காலையில் தோட்டத்திலும் மாலையில் வேறிடத்திலும் செய்யும் வேலைகளின் கூட்டுத்தொகையை எந்தப் பதிவேடும் காட்டாது. அதை எண்ணிப் பார்க்க வேண்டியவர் நாமே.

வரவும் செலவும்

மிகைநேர வேலையின் பயன் பணம் என்பதில் ஐயமில்லை. அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளாலும், பிறகு எட்டு மணியாலும் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 8 வெள்ளி 17 காசு வரும். ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. நான்கு மணி நேர மிகைநேர வேலைக்கு 49 வெள்ளி கிடைக்கிறது.

49 வெள்ளி ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். சாலைக்கு எண்ணெய்ச் செலவு, வெளியே உண்ணும் செலவு, களைப்பைப் போக்க வாங்கும் பானம், மறுநாள் அசதியால் விடுபட்ட வேலை ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தம் வீட்டில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

உடல் முடங்கினால் ஏற்படும் இழப்பு மிகப் பெரிது. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் செயல்படும் சொக்சோ, தகுதியுள்ள தொழிலாளிக்கு முடக்க ஓய்வூதியம் வழங்குகிறது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. இவை நற்பயன்களே. எனினும் முடக்க ஓய்வூதியம், சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரையே ஆகும். பக்கவாதத்தால் செயலிழந்த கைக்கு எந்தத் திட்டமும் ஈடாகாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்.

பழக்கத்தை மாற்றும் வழிகள்

நெடுநாள் பழக்கத்தை ஒரே நாளில் விட்டுவிட முடியாது. படிப்படியாகக் குறைப்பதே நிலைக்கும்.

முதலாவதாக, வேலை நேரத்தை எழுதி வையுங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், அன்றன்று எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்று இரண்டு எண்களை எழுதினால் போதும். நான்கு வாரம் எழுதிய பின் கூட்டிப் பாருங்கள். தம் வாரம் 70 மணியைத் தாண்டுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இரண்டாவதாக, உறக்கத்துக்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள். வயது வந்தவர்க்கு ஏழு மணி நேர உறக்கமேனும் வேண்டும். நான்கு மணிக்கு எழுபவர் இரவு ஒன்பது மணிக்குள் படுக்க வேண்டும். அது இயலாத நாளில் பிற்பகலில் சிறிது நேரம் கண்ணயர்வது நலம். உறங்குமுன் கோப்பியையும் கைப்பேசியையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, வாரத்தில் ஒரு நாளைத் தொடாதீர்கள். அந்நாளில் கைக்காசு வேலையும் வேண்டா, புல்வெட்டும் வேண்டா. தொடக்கத்தில் மனம் அலைபாயும். ஏதோ இழந்தது போலிருக்கும். பழக்கம் விடுபடும்போது தோன்றும் இயல்பான உணர்ச்சியே அது. கோயிலுக்குச் செல்லலாம், பிள்ளைகளோடு பேசலாம், உறவினரைக் காணலாம், வெறுமனே மரநிழலில் அமர்ந்திருக்கவும் செய்யலாம்.

நான்காவதாக, குடும்பத்தோடு அமர்ந்து, இரண்டாம் வேலை எதற்காக என்று கேளுங்கள். ஒரு கடனுக்காக என்றால், அக்கடன் தீரும் மாதத்தை எழுதி வையுங்கள். அம்மாதம் வந்ததும் வேலையை நிறுத்திவிட வேண்டும். முடிவு நாள் குறிக்காமல் தொடங்கும் கூடுதல் வேலை, பெரும்பாலும் முடிவதே இல்லை. வருமானம் கூடக்கூடப் புதிய தவணைகளும் கூடுவதே அதற்குக் காரணம்.

ஐந்தாவதாக, கடன் கட்டுக்கடங்காமற் போயிருந்தால், இரவு வேலையால் மட்டும் அதைத் தீர்க்க முயலாதீர்கள். வட்டி முதலைகளிடமும் செல்லாதீர்கள். பேங்க் நெகாரா 2006இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம், தனிநபர்களுக்கு இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. வங்கிக் கடன்களைத் திருப்பிச் செலுத்தும் முறையை ஒழுங்குபடுத்தவும் உதவுகிறது.

ஆறாவதாக, உடல் தரும் அறிகுறிகளைப் புறக்கணிக்காதீர்கள். உறங்கி எழுந்தும் தீராத அசதி, அடிக்கடி தலைவலி, காரணமற்ற சினம், மறதி, மூச்சு வாங்குதல் ஆகியவை இருந்தால் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால் சற்றும் தாமதியாமல் 999 என்ற எண்ணை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். “வேலையை முடித்துவிட்டுப் போகலாம்” என்று காத்திருக்கும் நேரமே உயிரைப் பறிக்கக்கூடும்.

ஓய்வும் முறையான மிகைநேரச் சம்பளமும் மறுக்கப்படும் தொழிலாளி மனம் தளர வேண்டியதில்லை. சங்கக் கிளையில் முறையிடலாம்; தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சம்பளச் சீட்டையும் நாட்காட்டிக் குறிப்பையும் பத்திரமாக வைத்திருந்தால் அவை துணை செய்யும். சம்பளம் போதாமையால் மிகையாக உழைப்பவரிடம் ஓய்வெடு என்று சொல்வது மட்டும் போதாது. உரிய சம்பளம் அவருக்குக் கிடைப்பதும் இன்றியமையாதது.

தாய்மாரின் வேலைக்கு மணி உண்டா?

வேலை நேரத்தைக் கணக்கிடும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது பெண்களின் உழைப்பை. கணவனும் மனைவியும் சேர்ந்தே நிரைக்குச் செல்கின்றனர். ஆனால் மனைவி அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து சமைக்கிறார். பால் நிறுத்தி வீடு திரும்பியதும் கணவர் குளித்து அமர்கிறார். மனைவியின் இரண்டாம் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. துணி துவைத்தல், சமையல், பிள்ளைகளின் பாடம், முதியோரைப் பேணுதல் என்று அது இரவு வரை நீள்கிறது. இதற்கு மிகைநேரச் சம்பளமும் இல்லை. ஓய்வு நாளும் இல்லை.

ஆகவே, வீட்டு நாட்காட்டியில் அவருடைய மணிகளையும் எழுத வேண்டும். கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொண்டால், ஒரு வெள்ளியும் செலவின்றி அந்த வீட்டுக்கு ஓய்வு கிடைத்துவிடும். தந்தை பாத்திரம் கழுவுவதைப் பார்த்து வளரும் மகனும் நாளை அவ்வாறே செய்வான்.

பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள்?

தம் பிள்ளைகள் தம்மைப் போல் துன்பப்படக்கூடாது என்றே பெற்றோர் இரவு பகலாக உழைக்கின்றனர். ஆனால் பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே கற்றுக்கொள்கின்றனர். எந்நேரமும் வேலையில் இருக்கும் தந்தையைக் கண்டு வளரும் பிள்ளை, வாழ்க்கை என்றால் இதுதான் என்று எண்ணிக்கொள்கிறது. படித்துப் பட்டம் பெற்று ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அலுவலக நாற்காலியில் அமர்ந்த பின்னும், அப்பழக்கம் அதைத் தொடர்கிறது.

நாம் எண்ணிப் பார்த்த அந்தத் தொழிலாளி, இக்கணக்குகளையெல்லாம் பார்த்த பின் இரவுக் காவலை விட்டுவிடுகிறார் என்று கொள்வோம். முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றி வருவார். இரண்டாம் ஞாயிறு நண்பகல் வரை உறங்குவார். மூன்றாம் ஞாயிறு, வேலைக்குச் செல்லும் தம் மகளிடம் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுவார். யாருக்காக இரவு வேலையைத் தொடங்கினாரோ, அவளோடு பேச அவருக்கு இத்தனை ஆண்டும் நேரம் இருந்ததில்லை.

நிரையில் நாளை வெட்டப்போகும் மரம் இன்று சும்மா நிற்கிறது. அதைச் சோம்பேறி மரம் என்று எவரும் சொல்வதில்லை. நாளைய பாலை அது இன்று சேர்த்துக்கொண்டிருக்கிறது என்பதை நாம் அறிவோம். மரத்துக்குக் காட்டும் அந்தப் பரிவை நம் உடலுக்கும் காட்டுவோம். வரும் ஓய்வு நாளிலேயே அதைத் தொடங்குவோம்.